விரலுக்குச் சிக்காதது

...கல் மாதிரி இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பாளே, நெல்லிக்காய்கூட வேண்டாம், ஒரு சுண்டைக்காய் அளவு விரலுக்குத் தட்டியிருந்தாலும் போதுமே, ஆறு வருஷமாக வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் அறுத்தெடுத்த கட்டிகளை மெழுகில் பதித்துச் சீவிச் சாயம் ஏற்றுகிறவள், கட்டி எப்படியிருக்கும் என்று லீலாவுக்குத் தெரியாதா... பங்குனியில் இதே தறிவீட்டில் கதவைச் சாத்திவிட்டு, அண்ணி என்று அவள் கூப்பிடுகிற மூத்த நாத்தனார் குணசுந்தரி ரவிக்கையைத் தளர்த்திக் காட்டியபோது இடது மார்பில் ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பு, அடையைக் கனமாக வார்த்ததுபோல, அவ்வளவுதான்... "கட்டியே இல்ல அண்ணி, பழைய பால்கட்டு, பேஜார் ஆவாதீங்க" என்று பெரிய மேதாவியாகச் சொன்னாளே, சொல்லிவிட்டு அண்ணி போட்ட காபியையும் ஆற்றிக் குடித்தாளே, அந்த வாயை என்ன செய்தால் தகும்?

"இழையக் குடு லீலா, தூங்கிட்டியா?" என்றாள் குணசுந்தரி, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி. நெய்து முடித்த பாவு நூலின் மிச்ச நுனிகள் தறியில் தொங்கின, புதுப் பாவின் இழைகளை லீலா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அண்ணி சாம்பல் தொட்ட விரலால் பழையதோடு சேர்த்து ஒரு முறுக்கு, அடுத்தது, அடுத்தது, நாலாயிரத்துச் சொச்சம்... பிணைக்க உட்கார்ந்தவர்கள் முடிக்காமல் எழக்கூடாது, எழுந்தால் அந்தப் பாவு உருப்படாது என்பது இந்த வீட்டுச் சட்டம், சாப்பாடுகூடத் தட்டில் வந்தது, ஞாயிற்றுக்கிழமை பார்த்து உதவிக்கு வருகிறேன் என்று சொன்னவள் தானாகவே வந்து மாட்டிக்கொண்டாள், முகத்துக்கு முகம், ஒரு முழ தூரம், எங்கே ஓடுவது? காம்பு உள்ளிழுத்துக்கொண்ட பிறகுதான் அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், புதன்கிழமை சதை எடுத்தார்கள், நாளைக்கு ரிப்போர்ட். காலையில் உட்கார்ந்ததுமே கேட்டாள், "நீதான அறுக்கறவ, பாத்தியா?" டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று லீலா கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

பார்த்தாள், பார்க்காமல் இருப்பாளா... நேற்று 614/88 என்று அண்ணியின் சீட்டு ஒட்டிய கண்ணாடியை, பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கூட்டமில்லை, குவியலில்லை, ஒன்றையொன்று தொடாத செல்கள் ஒற்றை வரிசையில், நல்ல சதையின் நடுவே, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இதே மாதிரி வேறு யாருடைய புற்றையோ போன வருஷம் காட்டி டாக்டர் சிவப்பிரகாசம் சொன்னாரே, செல்லுக்குச் செல் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறதம்மா, பசை மாதிரி, ஜப்பானில் கண்டுபிடித்துப் பேர்கூட வைத்துவிட்டார்கள், தாய் வயிற்றில் கண்ணுக்கானது கண்ணோடும் தோலுக்கானது தோலோடும் தன் இனம் தேடிச் சேர்வதே அதனால்தான் போலிருக்கிறது, இதில் அது போய்விட்டதோ என்னவோ, யாருக்கும் இன்னும் நிச்சயமில்லை... அன்றைக்குத் தலையாட்டிவிட்டு டிபன்பாக்ஸைத் திறக்கப் போய்விட்டாள். ஒட்டியிருந்தால் உருண்டிருக்கும், உருண்டிருந்தால் விரலுக்குத் தட்டியிருக்கும், ஒட்டாததால்தானே ஏமாந்தாள்... ஏமாந்தாளா, இல்லை இப்போது அந்தப் பசையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நழுவப் பார்க்கிறாளா? தெரியவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மருமகள் பஸ் ஏறி வேலைக்குப் போவதா என்று வீடே குதித்தபோது, போகட்டும், படித்தவள் என்று ஒற்றை ஆளாக நின்றவள் இந்த அண்ணிதான், அந்தப் படிப்பைத்தான் நம்பி ரவிக்கையைத் தளர்த்தினாள்.

"அண்ணி..." என்றாள். "நாளைக்கு ஏழு மணி பஸ்ஸுல என்னோட வந்துடுங்க. அண்ணனையும் இட்டுனு வாங்க."

விரல் நின்றது. "ஆப்ரேசனா?"

"ஆமாங்க அண்ணி. ஜல்தியா பண்ணிடணும்." இப்போது விட்டால் எப்போதும் சொல்லமாட்டாள். "பங்குனில நான் தொட்டுப் பாத்து சொன்னது தப்பு. அப்பவே உங்கள இட்டுனு போயிருக்கணும். நான்..."

குணசுந்தரி சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். "அதுக்கு முன்ன பத்து நாளா எனக்கு சோறு எறங்கல தெரியுமா? பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு யார்கிட்ட சொல்லுவேன்? நீ இல்லன்னு சொன்ன பாரு, அப்பறம் நிம்மதியா தூங்கினேன் லீலா. கல்யாணத்த சிரிச்சிகினே நடத்தினேன். நீ சொன்னதாலதான்." கையை நீட்டினாள். "குடு, இன்னும் பாதி கூட ஆவல."

லீலா கொடுத்தாள். வாங்கிய விரலில் முறுக்கு ஒழுங்காகத்தான் விழுந்தது... அண்ணி நிம்மதியாகத் தூங்கிய அந்த நாலு மாதமும் அந்தச் செல்கள் தூங்கவில்லையே, எத்தனை தூரம் போயிருக்கும், அதை ஏன் இவள் கேட்கவில்லை, தெரியாததாலா, தெரிந்ததாலா? இன்னொன்றும் இப்போதுதான் புரிந்தது, காலையிலிருந்து தான் காத்திருந்தது ஒரு திட்டுக்காக, நன்றாக, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு திட்டு, அதை வாங்கிக்கொண்டு அழுதிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்... இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?