சேத்தூர்க் கிண்ணம்

குல்சார் மதினி அந்த ஊர்ப் பெயரை ஒழுங்காகச் சொல்லியிருந்தால், இந்தக் கிண்ணம் என் வீட்டுக்கு வந்திருக்காது.

மதினி எனக்குப் பக்கத்து வீடு. அவர் அடுப்படி ஜன்னலும் என் அடுப்படி ஜன்னலும் எதிரெதிரே. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அவர் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். பேசினால் மட்டும் காதில் விழாதா? நானாகப் போய் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்கிறவர்கள் அந்தச் சந்தைப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு மாதமாகவே தாயும் மகளும் அங்கே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் மஹ்ரீன் ஓர் அச்சகத்தில் டிசைன் போடுகிறவள். அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, அதை அத்தாவிடம் யார் சொல்வது என்பதுதான் பேச்சு. அத்தா உதுமான் அண்ணன் அச்சகங்களுக்குப் பேப்பர் விற்கிற கடைக்காரர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். ஒருமுறை "சரி" என்றுவிட்டால் தலையே போனாலும் மாற்றமாட்டார். அதற்குப் பயந்தே சரி என்று சொல்வதில்லை.

"இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள பதில் எழுதலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாகம்மா." மஹ்ரீன் குரல் உடைந்துவிட்டது.

"சேத்தோவுக்குப் போறான்னு உங்கத்தாகிட்ட நான் எப்படிடி சொல்லுவேன்?" என்றார் மதினி.

சேத்தோ என்றுதான் சொன்னார். மிச்சத்தை என் காது சேர்த்துக்கொண்டது. சேத்தூர்! ராஜபாளையம் தாண்டினால் சேத்தூர். இதற்கா இம்புட்டு அழுகை?

மறுநாள் நல்ல தண்ணீர் வருகிற நாள். நாலு குடம் நிறைவதற்குள் குழாயடியில் விஷயத்தை இறக்கிவைத்தேன். பத்து மணிக்கெல்லாம் அது உதுமான் அண்ணன் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காலண்டர் பேப்பருக்கு ஆர்டர் கொடுக்க வந்த அச்சகக்காரர் சங்கரலிங்கம் எல்லோர் முன்னாலும், "என்ன பாய், மகளுக்குச் சேத்தூர்ல வேலையாமே? ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றாராம்.

பெற்ற மகள் சங்கதி தனக்கே தெரியாது என்று கடையில் வைத்து ஒப்புக்கொள்ள முடியுமா? உதுமான் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, போறா. நாந்தான் போகச் சொன்னேன்," என்றாராம். நாலு பேர் சாட்சி.

மத்தியானம் சாப்பிட வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இரவல் வாங்கிய தேங்காய்த் துருவியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே போய்விட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. இந்தா இருக்குற சேத்தூர்! கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

மஹ்ரீன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

"சேத்தூர் இல்லத்தா. செத்தோ. ஜப்பான்ல இருக்கு."

"என்னது, செத்தோமா?"

"அதுக்குத்தான் நான் இழுத்துச் சொன்னேன்," என்று மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "வெடி வேலை நடக்குற ஊர்ல இருந்துகிட்டு, போற புள்ளைக்கு அந்தப் பேர எப்படிங்க வாயால சொல்றது?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, புகை பட்டாசு ஆலைகள் இருக்கிற விஸ்வநத்தம் பக்கமா, வேறு பக்கமா என்று பார்க்கிறவர்கள் நாங்கள். அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் சொல்லமாட்டோம்.

"குழாயடியில சொன்னது நாந்தாண்ணே," என்றேன். திட்டு விழும் என்று துருவியை முன்னால் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் பக்கமே திரும்பவில்லை. "அங்கன போயி என்னம்மா செய்யப்போற?"

"பீங்கான் செய்யுற ஊருத்தா. ஆயிரம் வருசமா அதான் தொழில். நம்மூர்ப் பேரச் சொன்னா வெடின்னு புரியுதுல்ல? அங்கன கிண்ணம், தட்டுக்கே அந்த ஊர்ப் பேருதானாம். அதுல இருக்குற பூவ முதல்ல பேப்பர்ல அச்சடிச்சு, கிண்ணத்துல ஒட்டி, சூளையில வைப்பாக. அந்த அச்சு வேலைக்குத்தான் என்னைய எடுத்திருக்காக. ரெண்டு வருசம்."

"பேப்பர்லயா?"

"பேப்பர்தான் அத்தா."

"எத்தன ஜி.எஸ்.எம்.?"

மதினிக்கு அழுகை நின்றுவிட்டது. பேப்பர் கனத்தை விசாரிக்க ஆரம்பித்த உதுமான் அண்ணன் எந்த லோடையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

ஆனாலும் அவர் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்துதான் சொன்னார். "நாந்தான் போகச் சொன்னேன்னு கடையில சொல்லிட்டேன். ஊருதான் கொஞ்சம் தள்ளிப்போச்சு. சரி, பதில் எழுதும்மா."

அன்றைக்குத் தேதி இருபத்துநான்கு.

போன மாதம் பார்சல் வந்தது. சுற்றியிருந்த ஜப்பான் செய்தித்தாளை உதுமான் அண்ணன் எடுத்துக்கொண்டு, விரல்களுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். உள்ளே இருந்த கிண்ணம் எனக்கு. வெள்ளைப் பீங்கானில் ஒரு கொத்துக் கனகாம்பரம். கவிழ்த்தால் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னத் தமிழ் எழுத்தில், "சேத்தூர்". கூடவே ஒரு துண்டுக் காகிதம்:

"தங்கம் அத்தைக்கு, நான் அச்சடித்த முதல் பூ. நீங்கள் சரியாகக் கேட்டிருந்தால் நான் இன்னும் அடுப்படியிலேயே அழுதுகொண்டிருப்பேன். உங்கள் காதுக்கு நன்றி."

பொன்னுத்தங்கம் என்கிற என் வாயைப் பற்றி இந்தத் தெரு சொல்லாதது இல்லை. காதுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. மோர் ஊற்றலாம் என்று எடுத்தேன்; மனசு வரவில்லை, துடைத்து வைத்துவிட்டேன். நல்ல தண்ணீர் வருகிற நாளில் குழாயடிக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். எல்லோரும் பூவைப் பார்க்கிறார்கள். நான்தான் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

உதுமான் அண்ணன் கடையில் புதிதாக யாராவது விசாரித்தால், "மக சேத்தூர்ல இருக்கா," என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

"பக்கந்தானே பாய், வாராவாரம் வந்துருமே?"

"இந்த வாரம் லீவு கெடைக்கலையாம்," என்கிறார்.