பதினேழாவது கேள்வி

1

நான்கு மணி நேரம் ஐம்பது நிமிடம். 1999-இல், பெங்களூரில் ஒரு நர்ஸிங் கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவிகளுக்கு மாற்று மருத்துவம் முழுவதையும் சொல்லிக்கொடுக்கக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். பாடத்திட்டத்தில் ஆறு மணி நேரம் இருந்தது. மீதியை விளையாட்டு விழா ஒத்திகை எடுத்துக்கொண்டது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, இயற்கை வைத்தியம், அக்குபங்சர் என்று வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தெட்டு நிமிடம் சொச்சம்.

இந்தக் கதை அந்த வகுத்தலில் பிறந்தது.

[பொய். கதை பிறந்தது முப்பத்திரண்டு கேஸ் ஷீட்டுகளில்.]

மாணவிகள் வார்டுக்குப் போய், ஆளுக்கொரு நோயாளியிடம் கேட்டு நிரப்பி வந்தவை அவை. பதினேழாவது கேள்வி: டாக்டர் கொடுத்தது தவிர வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா? முப்பத்திரண்டிலும் 'இல்லை' என்றிருந்தது. வார்டு முழுக்கத் தைல வாசனை.

2

சாந்தகுமாரி அந்த வகுப்பின் ஆசிரியை. இருபத்தாறு வயது. மர்பி டவுனிலிருந்து பஸ்ஸில் வருவாள். கூச்சம் அதிகம். முதல் வரைவில் அவளைத் துணிச்சல்காரியாக எழுதினேன். இரண்டாவது பத்தியிலேயே பேச்சை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

அவளைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரியும். இப்போது சொல்லமாட்டேன்.*

ஹோமியோபதிக்கு வந்த நாற்பத்தெட்டு நிமிடத்தில், அந்த மருந்து எத்தனை மடங்கு கரைக்கப்படுகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். ஒன்றுக்குப் பின்னால் அறுபது பூஜ்யம். இடம் போதவில்லை.

"சுவத்துல போடுங்க மேடம், நாங்க வெள்ளையடிச்சுக்கிறோம்," என்றாள் பிரிஜெட் என்ற மாணவி. வகுப்பு சிரித்தது. "அப்ப அந்த உருண்டையில என்னதான் இருக்கு?"

"சர்க்கரை," என்றாள் சாந்தகுமாரி, கரும்பலகையைப் பார்த்தபடி.

* அவளும் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அம்மாவிடம்கூட.

3

வார்டுக் காட்சிக்கு மூன்று தொடக்கங்கள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டி— (மார்ச் மாதம். வேண்டாம்.)

வார்டில் பேரமைதி நில— (எந்த ஊர் வார்டில்?)

ராஜேந்திரன் கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (இது இருக்கட்டும்.)

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். வீடு ஜீவனஹள்ளியில். மறுநாள் காலை அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். தேதி கிடைக்க நான்கு மாதம் காத்திருந்தார். அவருடைய கேஸ் ஷீட்டை நிரப்பியவள் பிரிஜெட். பதினேழாவது கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொல்லி, சாந்தகுமாரி ஆறு மாணவிகளோடு வந்து நின்றாள்.

காரணம் அவர் முகம். கைகால் ஒல்லி, முகம் மட்டும் பூரி மாதிரி உப்பியிருந்தது. புஜத்தில் அங்கங்கே கன்றிய தோல். வலிக்கு என்று விற்கும் பெயரில்லாத பொடிகளில் சிலசமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை வெகுநாள் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்தியவருக்கு, ஆபரேஷன் மேஜையில் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். முன்னாலேயே தெரிந்தால் சமாளிக்க வழியுண்டு. சாந்தகுமாரி டாக்டரிடம் தன் சந்தேகத்தைச் சொல்லிப் பார்த்தாள். "பேஷண்டே இல்லைங்கிறாரே," என்று அவர் ஷீட்டைக் காட்டினார்.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களா அங்கிள்?" என்றாள் பிரிஜெட்.

"இட்லி."

"மருந்து அங்கிள்."

"இல்லம்மா. மூணு வாட்டி கேட்டுட்ட. கோர்ட்ல கூட இப்டி கேக்க மாட்டாங்க."

பக்கத்தில் ஸ்டூலில் இருந்த அவர் மனைவி காந்தா இருமினாள்.

"நீ சும்னே இரு," என்றார்.

"நான் இன்னா சொன்னேன்? இருமுனேன். அதுக்கும் ஓ.பி. சீட்டு வாங்கணுமா?"

போன வாரம் இதே கட்டிலில் இருந்தவர் கஷாயம் குடிப்பதாக ஒப்புக்கொண்டு, டாக்டரிடம் திட்டு வாங்கி, ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்குப் போனதை வார்டே அறியும். ராஜேந்திரனுக்குக் கம்பெனியில் கொடுத்த லீவு பத்தே நாள்.

அவர் சாந்தகுமாரியின் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. டாக்டருக்குத் தெரியாம எதுனா மறைச்சு வெச்சுத் துன்னுவீங்களா? மாட்டீங்க இல்ல? அப்புறம் என்ன மட்டும் ஏன் சந்தேகப்படுறீங்க?"

4

இங்கே நிறுத்திவிட்டு இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன். கையில் இருந்த முடிவுகள்:

(அ) டாக்டர் வந்து கத்துகிறார். ராஜேந்திரன் உண்மையைச் சொல்லிவிடுகிறார். [கத்தினால் யாரும் உண்மை சொல்வதில்லை. எங்கள் வீட்டில் சோதித்திருக்கிறேன்.]

(ஆ) காந்தா பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டுகிறாள். [பிறகு அவள் அவரோடுதானே ஜீவனஹள்ளிக்குத் திரும்பிப் போக வேண்டும்?]

(இ) சாந்தகுமாரி

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவளே முடித்தாள்.

"சாப்பிடுவேன்," என்றாள்.

ஆறு மாணவிகளும் அவளைப் பார்த்தார்கள். அவள் கட்டில் காலைப் பார்த்தாள்.

"கிளாஸ் எடுக்கணும்னா எனக்குக் கை நடுங்கும். அதனால முன்னாடியே நாலு ஹோமியோபதி உருண்டை போட்டுக்குவேன். ரெண்டு வருஷமா. அறுபது பூஜ்யம் போட்ட அன்னைக்கு எட்டு."

யாரும் சிரிக்கவில்லை. பிரிஜெட்டே மெதுவாகக் கேட்டாள்: "வேலை செய்யுதா மேடம்?"

"தெரியல. நிறுத்திப் பார்க்கப் பயமா இருக்கு."

காந்தா இந்தத் தடவை இருமவில்லை.

இதற்குப் பிறகு ஆபரேஷன் நடந்ததா, தள்ளிப்போனதா, லீவு நீண்டதா, அடுத்த வகுப்பில் சாந்தகுமாரியின் கதி என்ன என்பதையெல்லாம் நான் எழுதவில்லை. உங்களுக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதை மட்டும் மாற்றாதீர்கள். அதைச் சொல்ல அவருக்கு நிறைய நேரம் பிடித்தது.

ராஜேந்திரன் இட்லித் தட்டைக் கீழே வைத்தார்.

"பொடி," என்றார். "முட்டி வலிக்கு. மூணு வருஷமா, தெனம் ரெண்டு வேள. இங்க வந்து படுத்த அன்னிக்குத்தான் நிறுத்துனேன்."