அத்தான் பழுது பார்த்த கார்

வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். அவளுடைய பதினெட்டு வயதுக் கார் திங்கட்கிழமையிலிருந்து கிளம்பவில்லை. இன்று புதன். ஒன்பது மணிக்குள் வண்டியோடு வராவிட்டால் அவளுடைய நோயாளிகளை வேறொருத்தியிடம் கொடுத்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை, கண்ணுகளா. அவ்வளவுதான்.

வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்தால் போதும், அத்தானுக்குத் தெரியாத இயந்திரம் உலகத்தில் கிடையாது. அக்காவின் சலவை இயந்திரம் அவர் கைபட்டுத்தான் பால்கனியில் செடித்தொட்டியாய் நிற்கிறது. திங்களன்று பேட்டரி என்றார்; மாற்றினாள். செவ்வாயன்று ஸ்பார்க் பிளக் என்றார், அதையும் மாற்றினாள். இன்று எட்டு மணிக்கு டீ டம்ளரும் கையுமாக வந்து, பானட்டைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"இன்ஜெக்‌ஷன் வண்டிம்மா இது. மூளை போயிடுச்சு. பழைய இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன்."

"யாரோட மூளை அத்தான்?"

"வண்டியோடதுதான். உள்ள கம்ப்யூட்டர் இருக்குல்ல." கிண்டல் அவருக்கு என்றைக்குமே உறைத்ததில்லை.

இந்த மனிதர் பேச்சை மூன்று நாள் கேட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது, பற்றத்தான் இல்லை. திங்களன்றும் இப்படியேதான் சுற்றியது; அதற்கா புது பேட்டரி? சாவியைப் பாதி மட்டும் திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தாள். நல்ல நாளில் அங்கே இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் இரண்டு விநாடி முனகும். இன்று மூச்சே இல்லை.

"பம்ப் ஓடல, அத்தான்."

"அதத்தான் நானும் சொல்றேன், மூளை."

நோயாளிகளிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: உடம்பு கெடுவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? அதையே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் ஓடுச்சே. அன்னிக்கு இதுல கை வச்சீங்களா?"

"ஹார்ன் அடிக்கலன்னு உங்கக்கா சொன்னா. அத மட்டும் சரி பண்ணேன். ரெண்டே நிமிஷம்."

"எப்படி?"

"ஃபியூஸ் பெட்டில கரண்ட திறந்து மூடுற ரிலே ஒரே மாதிரி ரெண்டு இருந்துச்சு. ஹார்னோடது செத்துப் போச்சு. பக்கத்துல இருந்தத புடுங்கி இதுல போட்டு, இத அதுல போட்டேன்." முகம் பெருமையில் பளபளத்தது. "இப்ப எப்படி அலறுது பாத்தியா?"

அவள் இறங்கிப் பானட்டைத் திறந்தாள். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். எந்த ரிலே எதற்கு என்று மூடியின் உள்பக்கத்திலேயே படம் போட்டிருந்தது: ஹார்னுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பம்ப். படிக்கத் தெரிந்தவர் யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். பின் சீட்டுக்கடியில் பம்ப் முனகியது. அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மணி எட்டு இருபத்தைந்து.

அதற்குள் இரும்புக்காரர் வாசலில் லாரியை நிறுத்தி இறங்கினார்.

"ரிலேதாங்க," என்றார் அத்தான் அவரிடம். "இப்பத்தான் கண்டுபிடிச்சோம்."

நர்ஸ் ஜன்னல் வழியே கையை நீட்டினாள். "உங்ககிட்ட இருக்கிற சாவியக் குடுங்க அத்தான்."

"எதுக்கும்மா? அவசரத்துக்கு ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுமே."

"அந்த அவசரமே வராம இருக்கத்தான்."

அவர் சட்டைப் பையைத் துழாவித் துழாவி எடுக்கும்வரை அவள் கையை மடக்கவே இல்லை.