டொம் என்று சொல்லும் கல்

1

இந்தக் கதை எனக்கு மதில்சுவருக்கு மேலே கிடைத்தது. ஒட்டுக்கேட்கவில்லை, துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். (ஒரே துண்டை, முக்கால் மணி நேரமாக.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரு நாள் காலையில், கல்தளம் போடும் ஆட்கள் இரண்டு பேர் எங்கிருந்தோ வந்து—"

அடித்துவிட்டேன். எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு சொல்கிறேன். தைரியம் வந்தால்.

2

பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் கதாநாயகன். மனிதர் எதையும் அளக்காமல் வாங்கமாட்டார். வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்ப்பதற்கு முன் நீளம் பார்ப்பார். அவர் தைத்த சட்டைக்கெல்லாம் முப்பது வருஷம் காஜா எடுத்து, பொத்தான் வைத்தது அவர் மனைவி. இரண்டு வருஷமாக அந்தக் கண்களில் வெளிச்சம் இல்லை. கையில் ஒரு கோல் வந்தது. கூடவே, மற்றொரு கையில் கணவரின் பிடியும் வந்தது.

அந்த அம்மாவுக்கு ஆசை ஒன்றே ஒன்று. பின்வாசலில் இறங்கி, கோடியிலிருக்கும் மரத்தடி பெஞ்சு வரைக்கும், யார் கையும் பிடிக்காமல், தானாகப் போய் உட்கார வேண்டும். மண்தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால்தான் கல் பாவலாம் என்று முடிவாயிற்று.

வந்தவர்களில் பேசினவன் பெயர் எனக்குத் தெரியாது. "அரைநாள்" என்று வைத்துக்கொள்வோம். "பக்கத்துத் தெருவுல ஒரு வேலை முடிஞ்சுது சார், கல்லு மிச்சமிருக்கு. அரை நாள்ல போட்டுடலாம்" என்றான். சொன்னபடியே அரை நாளில் போட்டான். மறுநாளிலிருந்து அவன் போன் எடுக்கவில்லை.

3

"ஏங்க, கல்லு ஆடுது."

"கல்லு ஆடலை. உனக்குத்தான் கால் ஆடுது."

(இந்த வசனத்தை மாற்றிப் பார்த்தேன். "இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று எழுதினால் மனிதர் நல்லவராகத் தெரிகிறார். ஆனால் அவர் சொன்னது இதுதான். ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வாய் வராதவர்கள் இப்படித்தான் அடுத்தவர் காலைக் குறை சொல்கிறார்கள்.)

அந்த அம்மா ஒன்பது நாள் வெளியே வரவில்லை. தையல்காரர் மிஷினில் உட்கார்ந்து, தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தார்.

பத்தாம் நாள் மழை. தண்ணீர் மரத்தைப் பார்த்துப் போகாமல், பின்வாசலைத் தாண்டி விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. கொத்தனார் பேச்சில் தரையின் சரிவுக்கு "வாட்டம்" என்று பெயர். அரைநாள் அந்த வாட்டத்தை வீட்டைப் பார்த்துக் கொடுத்திருந்தான். தரையில் தப்பாக விழுந்த வாட்டம், வீட்டுக்குள் இருவர் முகத்திலும் தெரிந்தது.

செருப்பு மிதக்கிற தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "என்னை நல்லா ஏமாத்திட்டாங்கம்மா."

"கல்லு அன்னைக்கே சொல்லிடுச்சு. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் காத்துட்டு இருந்தேன்."

4

அடுத்த வாரம் என் சன்னல் வழியாக நான் பார்த்தது இது. அந்த அம்மா கோலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே நகர்கிறார். பின்னால் தையல்காரர் குந்திக் குந்தி, துணியில் குறி போடும் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுகிறார். அடியில் கலவை நிறைந்திருந்தால் "ணக்". வெறுமையாக இருந்தால் "டொம்".

"டொம். போட்டீங்களா?"

"போட்டேன்."

"பக்கத்துலயும் போடுங்க. அதுவும் டொம்தான்."

நாற்பத்திரண்டு கல்லில் முப்பத்தொன்றுக்குக் குறி விழுந்தது. முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். அடியில் ஐந்தே ஐந்து உருண்டைக் கலவை.

"சட்டைக்குப் பொத்தான் வெச்ச மாதிரி அஞ்சு இடத்துல வெச்சிருக்கான்மா. நடுவுல எல்லாம் காத்து."

"நான் வெச்ச பொத்தானைச் சொல்லாதீங்க. சட்டை கிழிஞ்சாலும் அது நிக்கும்."

வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை நான் கதைக்குள் கொண்டுவந்திருக்கலாம். தையல்காரர் விடவில்லை. "நூல் பிடிக்கிறது எனக்குத் தெரியாதா?" என்று வாசலிலிருந்து மரம் வரைக்கும் காஜா நூலைக் கட்டி, மரத்துப் பக்கம் நாலு விரல் இறக்கி, நேற்றுப் பதித்ததை இன்று பிரித்து, மறுபடியும் பதித்தார். கல்லுக்கடியில் விளிம்பு வரை கலவை. ஒரு நாளைக்கு மூன்று கல். நடுவில் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் வைத கெட்ட வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. மனப்பாடமாக இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

5

சரி. தைரியம் வந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

அரைநாள் முதலில் தட்டியது என் வீட்டுக் கதவை. ஆளைக் கழற்றிவிட நான் சொன்னேன்: "எனக்கு வேணாம்ப்பா. பக்கத்து வீட்டுல கேளு, அவங்களுக்குத்தான் அவசரம்."

இதைச் சொல்லிவிடலாமென்று சுவரோரம் போய், "ஒரு விஷயம்..." என்று இழுத்தேன்.

"தெரியும்க்கா" என்றார் அந்த அம்மா. "உங்க குரல் மூணு வீட்டுக்குக் கேக்கும். அன்னைக்கே காதுல விழுந்துச்சு. போய் அந்தக் கலவைச் சட்டியை எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

6

கடைசிக் கல்லுக்கு வந்துவிட்டோம். பெஞ்சுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு படி இறங்க வேண்டும். அந்தப் படிக்குச் சற்று முன்னால் இருப்பது. ஆடவில்லை. ஆனால் டொம்.

"இதை விட்டுடுங்களேன்" என்றார் அந்த அம்மா.

"குறை வெச்சு நான் ஒரு துணிகூடக் கொடுத்ததில்லை."

"இது டொம்முன்னா அடுத்தது படின்னு எனக்குத் தெரியும். உங்க கை வேண்டாம். இந்தச் சத்தம் போதும்."

கல்லின் மேல் சாக்கட்டிக் குறி. கையில் கடப்பாரை. சட்டியில் குழைத்த கலவை, இறுகிக்கொண்டிருந்தது.

ஒரு முடிவு: அவர் கல்லைப் பெயர்த்து— இது அவருடைய கதை.

இன்னொன்று: குறியைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு— இது அந்த அம்மாவின் கதை.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் குனிந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, என் சன்னலை நானே சாத்தினேன்.

7

கலவை காய நாலு நாள் ஆனது. இன்று காலை பின்வாசல் கதவு திறக்கும் சத்தம். கோல் தரையைத் தொடும் சத்தம்.

ணக். ணக். ணக்.

கூடவே வரும் செருப்புச் சத்தம் இல்லை. அது வாசலிலேயே நின்றுவிட்டது. அங்கே ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நானும்தான்.

ணக். ணக்.

படி வரப்போகிறது. சன்னலை நான் திறக்கமாட்டேன். அடுத்த சத்தம் என்னவென்று, உங்களுக்குக் கேட்டால், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.