ஒழுகாத அறை

ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் அந்த ஆன்டிபாடி எண் இந்த வருஷமும் ஏறியிருந்தால், சுடர்விழியைக் கோயம்புத்தூர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று இராஜாங்கம் முடிவுகட்டிவிட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை, ஐப்பசி வந்தால் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கிற தகப்பன் வேறு என்னதான் செய்வான், பாவம்! ராஜாத்திக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பெற்றவள் ஆயிற்றே.

குடவாசல் பக்கம் ஐப்பசியில் குறுவை அறுப்பும் அடைமழையும் ஒன்றாக வந்து நிற்கும். நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் ஒழுகாத அறை ஒன்றே ஒன்றுதான். பிள்ளை படுப்பதும் அங்கே, ஈரமூட்டைகளை அடுக்குவதும் அங்கே. நெல் காயட்டும் என்று ஃபேனை வேறு ஓயாமல் சுழலவிட்டார்கள். என்ன கெட்டிக்காரத்தனம்!

போன வருஷம் தஞ்சாவூர் டாக்டரம்மா, "பாப்பா படுக்கிற ரூம்ல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, நெல்லுதான்" என்றாள் ராஜாத்தி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈர நெல்லில் பிடிக்கிற பூஞ்சணம்தான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று அவர் விளக்கியபோது, ராஜாத்திக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இந்த வருஷம் மூட்டைகள் ஒழுகுகிற கூடத்துக்குப் போயின. தார்ப்பாய் போட்டும் இரண்டு மூட்டை முளைவிட்டது.

அப்படியும் பாருங்கள், தீபாவளி கழிந்து எடுத்த ரத்தத்தில் எண் ஏறித்தான் இருந்தது. போன வருஷம் பன்னிரண்டு, இப்போது பதினெட்டு.

"அக்காவுக்குப் போன் போட்டுடறேன்" என்று இராஜாங்கம் எழுந்தான்.

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "வளர்ற பிள்ளைங்களுக்கு இது சில வருஷம் ஏறத்தான் செய்யும். பத்து வயசுக்கு மேல பெரும்பாலும் இறங்கிடும். பேப்பரை விடுங்க. இந்த ஐப்பசியில எத்தனை நாள் இழுப்பு வந்துச்சு?"

ராஜாத்தி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"ஒரு நாள்தான். அதுவும் வெடிப் புகையில" என்றாள் சுடர்விழி.

மூச்சின் பலத்தைக் காட்டும் ஒரு குழாயில் அவளை ஊதச் சொன்னார் டாக்டரம்மா. அதன் முள் இதுவரை எட்டாத உயரத்துக்குப் போய் நின்றது.

"கோயம்புத்தூரெல்லாம் எதுக்கு? இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதீங்க. நெல்லு அந்த ரூமுக்குள்ள போகவே கூடாது."

ராஜாத்தி அங்கேயே உடைந்து அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

திரும்பும் பஸ்ஸில் வலங்கைமான் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

"ஏங்க, கூடத்துல இன்னும் ஒம்பது மூட்டை கெடக்கே. ஒழுகுமே!"

"ஒழுகட்டும்டி" என்றான் இராஜாங்கம், மடியில் தூங்கும் மகள் மேல் சாரல் படாமல் ஜன்னலைச் சாத்தியபடி. "நெல்லு அடுத்த குறுவைக்கும் வரும்."