இன்னும் ஒரு ஈடு

விரிப்பின் இரண்டு முனைகளை மகள் பிடித்திருந்தாள், மற்ற இரண்டை இஸ்திரி அக்கா. இருவரும் நெருங்கி வந்து மடிப்பைச் சேர்த்த நேரத்தில், பாய்லருக்குப் பக்கத்துக் கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

“மேல கூட்டிட்டுப் போறியாம்மா? ஜன்னலத் திறந்து வச்சுப் படுத்துக்கணும் போல இருக்கு.”

“இந்த ஈட்டுத் துணி முடியட்டும்ப்பா. ஓட்டல்காரங்க சாயங்காலம் வண்டி அனுப்பறாங்க.”

“காலைலயும் இதான் சொன்ன.”

சொன்னாள்தான். இன்றோ நாளையோ என்றிருக்கிற மனிதரைச் சலவைக் கூடத்துப் புழுக்கத்தில் கிடத்தி வைக்க எந்த மகளுக்கு மனசு வரும்? சட்டம் அப்படி. பாய்லரில் நெருப்பு எரியும் வரை சர்டிபிகேட் வாங்கிய ஆள் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அங்கே சர்டிபிகேட் உள்ளவர் அப்பா ஒருவர்தான். அவர் மாடிக்குப் போனால் பாய்லரை அணைக்க வேண்டும். பாய்லர் அணைந்தால் அவள் வீட்டு அடுப்பும் அக்கா வீட்டு அடுப்பும் கூடவே அணையும். வேறு ஆளை வைக்கலாமென்றால், அவன் கேட்கும் சம்பளத்துக்குப் பாய்லரையே விற்றாக வேண்டும்.

அந்தச் சர்டிபிகேட்டுக்கு அவளும் பரீட்சை எழுதத்தான் போனாள். சின்ன வயதிலிருந்து அந்த வால்வுகளைத் திருகித் திருகிக் கை காய்த்துப் போனவளிடம் அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். சம்பளச் சீட்டு இருந்தால்தான் அனுபவமாம். அப்பன் கடையில் வேலை செய்த மகளுக்கு எந்த ஊரில் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்கள்? போதாததற்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஓர் அலுவலகம், அது எங்கே போகிறது என்று கேட்க இன்னோர் அலுவலகம், புகைக்குத் தனி. துணி வெளுத்ததா என்று மட்டும் எந்த மகராசனும் வந்து கேட்டதில்லை.

கூடம் முழுக்க ஆவி. கொடிகளில் தொங்கிய விரிப்புகள் காற்றில்லாமலே அசைந்தன. யாராவது வந்தால் முதலில் கால் தெரியும், பிறகு கை, முகம் கடைசியில்தான். அப்பா சில நாட்களாக அந்த வெண்மைக்குள் எங்கெங்கோ போய்வந்துகொண்டிருந்தார்.

“வண்டி கிளம்பிடுச்சா?”

பாய்லர் சத்தத்தை ரயில் என்று நினைத்துவிட்டார்.

“இன்னும் இல்லப்பா. தண்ணி பிடிச்சிட்டிருக்காங்க.”

“உங்கம்மா ஏறிட்டாளா?”

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. “ஏறி, ஜன்னலோரம் உக்காந்தாச்சு.”

“அதானே! அவளாவது ஜன்னல விட்டுக் குடுக்கறதாவது.”

அக்கா கூடச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. மகள்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுக்கொண்டே, ராத்திரி மாடியில் ஜன்னலைத் திறந்து வைப்பதாகச் சொன்னாள், நாளைக்கு முகம் மழித்துவிடுவதாகச் சொன்னாள். நடுவில் ஒருமுறை போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்தாள்.

பாய்லர் ஆபீசர் சொல்லாமல் வந்தார். சொல்லாமல் வருவதுதான் அவருக்கு வேலையே. தொங்கும் விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, வழி தவறியவர் மாதிரி வந்து நின்றார்.

“பெரியவர் இருக்காரா?”

“இருக்கார் சார். கண்ணு அசந்துட்டார்.”

“தூங்கக் கூடாதும்மா. முழிச்சிருக்கணும்னு ரூல் இருக்கு.” கட்டில் பக்கம் குனிந்தார். “ஐயா, பிரஷர் முள்ளு எவ்வளவு காட்டுது? பாத்துச் சொல்லுங்க.”

கட்டில் காலை விரலால் தட்டினார்.

“ஐயா.”

அக்கா விறுவிறுவென்று வந்து அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே மகளைப் பார்த்தாள்.

“இல்லக்கா. கை சூடா இருக்கு பாரு. இப்பகூடத் தொட்டேன்.”

“அது பாய்லர் சூடுடி, தங்கம்.”

எப்போது போனார்? இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? அழுகை வரவில்லை.

ஆபீசர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தயங்கித் தயங்கி, “நெருப்ப அணைக்கணுமேம்மா,” என்றார்.

“மனுஷன் போன சேதி இன்னும் வாசல் தாண்டல, அதுக்குள்ள சட்டமா?” அக்கா சீறினாள். “நல்லா இருப்பீங்க சார்.”

“நானா எழுதினேன் இத? பாய்லர் வெடிச்சா நீங்க ரெண்டு பேருந்தானே போவீங்க?” ஈரத் துணிக் கூடையைப் பார்த்தார். “இன்னும் துணி பாக்கி இருக்கா?”

“ஒரு ஈடு இருக்கு,” என்றாள் மகள்.

ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்தார். முக்காலியை இழுத்து, கட்டிலுக்கும் பாய்லருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

“என்கிட்டயும் சர்டிபிகேட் இருக்கு. நான் உக்காந்திருக்கற வரைக்கும் எரியலாம், தப்பில்ல. பெரியவர மேல கொண்டுபோயிடலாமா? என் டிரைவரக் கூப்பிடறேன்.”

மகள் அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“வேண்டாம் சார். மேல குளிரும்.”

அவள் எழுந்து போய் உருளையை ஓடவிட்டாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுமுனைக்கு வந்தாள். ஒவ்வொரு விரிப்பாக உள்ளே போய் வெளியே வந்தது. வேலையில் என்றைக்கும் பறக்கிற மகள் இன்று ஓரங்களை நீவி நீவி மடித்தாள். ஆபீசர் வேர்த்து விறுவிறுத்துப் போய்க் காலர் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

கடைசி விரிப்பும் வந்தது. கூடையில் ஒன்றுமில்லை. நெருப்பை அணைக்க ஆபீசர் முட்டியில் கையூன்றி எழப்போனார்.

மகள், மடித்து வைத்திருந்த அடுக்கின் மேலிருந்து ஒரு விரிப்பை எடுத்தாள். உதறிப் பிரித்தாள். தொட்டியில் முக்கி எடுத்துப் பிழிந்து, இரண்டு முனைகளை அக்காவிடம் நீட்டினாள். அக்கா அடுக்கையும் அவளையும் பார்த்தாள். முனைகளை வாங்கிக்கொண்டாள்.

ஆபீசர் மறுபடி உட்கார்ந்தார்.

“முள்ளு சரியாத்தான் இருக்கு,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.