பூசைக்கு வந்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் அன்றைக்குத்தான் லிஃப்டை நிறுத்திப் பிரித்துப் பார்க்க முடியும். அதனால் காலையில் மனைவியை மாதா கோயில் வாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார். வேலை ஒரு சாக்கு என்பது இருவருக்கும் தெரியும். அவர் பூசை பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெரிய கோபமெல்லாம் இல்லை, விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

அவளுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. வீட்டில் தையல் மெஷினை மூடி வைத்தாயிற்று. கோயிலில் மட்டும் தன் பெஞ்சு வரை தடுமாறாமல் போய்விடுவாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "வந்ததே போதும்னுதான் இத்தனை நாள் வாய் திறக்கல. இனிமே முதல் வாசகத்துக்கு முன்னாடியே வந்துடுங்களேன். பாதியில வந்து உக்காந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார். ஆனால் முகத்தில் கிண்டல் இல்லை, அப்படியொரு நிறைவு. மெல்லப் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்தார். பைபிள் வாசகம் முடிந்ததும் அவர் வந்து அவளுக்கு இடப்பக்கம் உட்காருவாராம். பேசமாட்டாராம். பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை கொடுப்பாராம். பூசை அப்பமான நன்மையை வாங்கப் போகும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் பீடம் வரை நடப்பாளாம்.

"கைதான் ஐஸ் மாதிரி இருக்கு. கிரீஸைக் கழுவிட்டுத் துடைக்காமலே வர்றீங்க போல."

அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் இருட்டுக் கிணற்றில், லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்தைத் தடவிக்கொண்டிருந்திருப்பார். அதை அவளிடம் சொல்லவில்லை. கண் தெரியாதவளிடம் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் வேலையைக் கூட்டாளியிடம் தள்ளிவிட்டு, பாடகர்கள் நிற்கும் மேல்மாடத்துக்கு ஏறித் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வாசகம் முடிந்தது. யாரும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விடப் போனவர் அப்போதுதான் கவனித்தார். கோயில் நிறைந்து, சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவியின் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. குழந்தையோடு ஒரு பெண் அங்கே வந்தாள், மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டு விலகினாள். ஒரு பெரியவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தெரிந்தவருக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டிவிட்டு நகர்ந்தார். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அவள் இடப்பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். அந்தரத்தில் அந்தக் கை குலுங்கியது. வளையல் மணிக்கட்டில் சரிந்து ஆடியது.

மைக்கைச் சரிசெய்ய மேலே வந்த, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை இவரைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னண்ணே, இங்க நிக்கிறீங்க? இப்பத்தானே கீழ அண்ணி பக்கத்துல உங்களைப் பாத்தேன்."

கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு, மைக்கைத் தொடாமலே இறங்கிப் போய்விட்டார்.

உயரத்தில் தொங்கிப் பழகியவருக்கு இறங்கும் படி காலில் தட்டுப்படவில்லை. கீழே நன்மை வாங்க வரிசை கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அது அவளைப் பீடத்துக்கு அழைத்துப் போய்விடும். நினைத்ததும் அவருக்குள் எழுந்தது பயம்கூட இல்லை, பொறாமை. விழுந்தடித்து இறங்கி ஓடினார். அவள் நடைபாதையில் நின்றிருந்தாள். விரல்கள் காற்றைப் பற்றியிருந்தன. அந்த இடத்தில் தன் கையை நுழைத்தார். எலும்பு வரை குளிர்ந்தது. பிறகு அவள் விரல்களின் சூடு மட்டும் இருந்தது.

பீடத்தின் முன் அவள் அப்பத்தை வாங்கினாள். அவர் தலை குனிந்து விலகினார்.

"நீங்க வாங்கலையா?"

"முதல்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கொஞ்ச நேரம் இரு."

கூட்டம் கலைந்ததும் போய்ச் சாமியாரின் தட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். விட்டுப்போன வருடங்களையெல்லாம் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார். தட்டியின் அந்தப்பக்கம் சாமியார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, தானும் இத்தனை மாதமாக அவரை அங்கே பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்ததாக மெதுவாகச் சொன்னார். அது யார் என்று சாமியாருக்கும் தெரியவில்லை. அப்படியே மன்னிப்பும் வழங்கினார்.

சாமியார் பீடத்தில் அப்பம் வைக்கும் பேழையைத் திறந்து அவருக்கு நன்மை கொடுத்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவள் அவரோடு சேர்ந்து அவரைவிடச் சத்தமாக "ஆமென்" சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

வீட்டுக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னார். தெருமுனையில் அவள் நின்றாள்.

"அப்ப நான் யாரு கையைப் பிடிச்சிருந்தேன்?"

"தெரியல."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். ஆனா நல்ல கைங்க அது. ஒருநாளும் என்னை எதுலயும் இடிச்சுக்க விடல."

வீட்டுப் பூட்டைத் திறந்தார். இருவருக்கும் நல்ல பசி. வார விடுப்பை ஞாயிறாக மாற்றிக் கேட்க வேண்டும், அடுத்த வாரம் சேர்ந்தே நன்மை வாங்க வேண்டும் என்று பேசிப் பேசி, தட்டு காய்வது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.